மோருக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில்

ஆறுவதற்குள் வடிகட்டியாக வேண்டும் என்பதால், அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு பழைய துப்பட்டாத் துணியில் ஊற்றிப் பிழிகிறாள் கல்பனா. விரல் சிவக்கிறது. உதறிக்கொண்டு மறுபடி பிழிகிறாள். இரண்டு ஸ்பூன் ஆளிவிதையை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக வரும்வரை கொதிக்கவிட வேண்டும். ஆறிவிட்டால் கோந்தாகித் துணியிலேயே உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் கற்றாழைச் சோற்றை மிக்சியில் அடித்து வடிகட்டி அதில் கலந்து, தேங்காய் எண்ணெய் நாலே சொட்டு. ஐந்தாவது சொட்டு விழுந்தால் ஸ்பிரே மூக்கு அடைத்துக்கொள்ளும் என்பது அவளே கண்டுபிடித்தது.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் காம்பவுண்டில் ஆறு போர்ஷன். நான் இருப்பது அவளுக்கு நேர் எதிரில். அவள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. என் வீட்டில் இருக்கிறது. அதனால் தலைமுடிக்கு அடிக்கும் இந்த ஸ்பிரே பாட்டில்கள் என் பிரிட்ஜ் கதவில், மோர் பாட்டிலுக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கின்றன. ஒருநாள் கண்ணாடி போடாமல் அதைக் கஞ்சித் தண்ணீர் என்று எடுத்துக் குடிக்கப் போனேன். இதைச் சொல்லிச் சொல்லி அவள் என் மானத்தை வாங்கிவிட்டாள். சொல்லும்போதெல்லாம் "ஒண்ணும் ஆயிருக்காதுக்கா, வவுத்துக்குள்ள சுருட்டை நேராயிருக்கும், அவ்ளோதான்" என்று ஒரு சமாதானம் வேறு.

கல்பனாவுக்கு பிளாஸ்டிக் உதிரிபாகம் வார்க்கும் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக வேலை. எட்டு மணி நேரம் தலையில் வலைத்தொப்பி. வீட்டுக்கு வந்தால் போர்வெல் உப்புத் தண்ணீர். முடி தேங்காய் நாராகாமல் என்ன செய்யும்? கடையில் விற்கிற கண்டிஷனர் கட்டுப்படியாகாது என்று வீடியோ பார்த்து இதைக் கற்றுக்கொண்டாள். தலைக்குக் குளித்ததும் அடித்துக்கொண்டு அலசாமல் விட்டுவிடலாம். சிக்கு விழாது. அவளோடு ஷிப்ட் பார்க்கும் மெர்சியும் அஞ்சம்மாளும் ஆளுக்கொரு பாட்டில் வாங்கிப் போகிறார்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டித் தேதி எழுதுவாள். பத்து நாள் தாண்டினால் ஈவு இரக்கமில்லாமல் கொட்டிவிடுவாள்.

ஆனால் ஒன்று. இதை அடித்த தலையில் முடியை நேராக்கும் மிஷின் வைத்தால் சூடு தாங்குமா என்று யாராவது கேட்டால் அவள் முகம் மாறும். "சூட்டுகிட்ட வெளையாட்டு வேணாம்பா" என்று எழுந்து போய்விடுவாள். ஏன் என்று எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

தங்கை ரோஜா அவளைவிட ஒன்பது வயது சின்னவள். பழவேற்காடு ஏரிக்கரையில் அப்பா வலை வீசிய வருமானம் வீட்டுக்கே பத்தாத காலத்தில், பத்தொன்பது வயதில் கம்பெனி பஸ் ஏறிய கல்பனாதான் ரோஜாவைக் கல்லூரி வரை படிக்க வைத்தாள். அந்த வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதான். மூன்று வருஷத்துக்கு முன்பு ரோஜாவுக்கும் அருண்பாண்டியனுக்கும் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்குத் திருநின்றவூர், தினமும் ரயிலேறிச் சென்னையில் வேலை. நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்பு, ஆசை ஆசையாக, முடி நேராக்கும் மிஷின் ஒன்றை வாங்கி ரோஜாவுக்கு அனுப்பினான்.

நிச்சயத்தன்று காலை தங்கைக்குத் தலை சீவி மிஷின் வைத்தது கல்பனா. கம்பெனியில் சூடான மோல்டில் பிளாஸ்டிக் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு ஸ்பிரே அடிப்பார்கள். அடித்த உடனே மோல்டை மூடிவிட வேண்டும், தாமதிக்கக் கூடாது. பதினைந்து வருஷம் அப்படியே பழகிய கை. இங்கேயும் தன் ஆளிவிதை ஸ்பிரேயைத் தங்கை தலையில் சரசரவென்று அடித்தாள், ஈரம் சொட்டச் சொட்ட மிஷினை வைத்து அழுத்தினாள். 'சொய்' என்று ஆவி வந்தது. கம்பெனியில் தினம் பார்க்கிற ஆவிதானே என்று இரண்டாவது முறையும் வைத்தாள். மூன்றாவது முறை கருகல் நாற்றம் எழுந்தது, இடது நெற்றியோரத்தில் ஒரு பிடி முடி கையோடு வந்துவிட்டது.

ரோஜா அலறினாள். கூடத்தில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். கல்பனா வாயில் உடனே வந்த வார்த்தை: "மிஷினு டூப்ளிகேட்டு."

மாப்பிள்ளையின் அம்மா காதிலும் அது விழுந்தது. பூவை வைத்து மறைத்து நிச்சயத்தை முடித்தார்கள். கல்யாணமும் நடந்தது. முடியும் அரைகுறையாக வளர்ந்துவிட்டது. ஆனால் அந்த டூப்ளிகேட் மட்டும் போகவில்லை. அருண்பாண்டியன் எதை வாங்கி வந்தாலும், "ஒரிஜினலா பாத்து வாங்கினியா?" என்று ரோஜா சிரிப்பாள். அவனும் சிரிப்பான். நாலு பேர் இருந்தால் மிஷின் கதை முழுசாக ஓடும். நானே மூன்று முறை கேட்டுச் சிரித்திருக்கிறேன், இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு இருவரும் பெரியபாளையம் அம்மனைக் கும்பிட்டுவிட்டு பைக்கில் இங்கே வருவார்கள். ரோஜாவுக்கென்று ஒரு பாட்டில் காத்திருக்கும். போன மாதம் அப்படி வந்தபோது என் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்தோம். ரோஜா புதுக்கதை ஒன்று எடுத்தாள். புருஷனின் ஆபீஸ் பையைத் துவைக்க எடுத்தாளாம், அடியில் ஒரு புடவை இருந்ததாம், கடை அட்டைகூடப் பிரிக்காமல். இரண்டு மாதமாகப் பையிலேயே சுமந்திருக்கிறான். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால், நீ இதையும் டூப்ளிகேட் என்று சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருந்தது என்றானாம். ரோஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அருண்பாண்டியன் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

கல்பனா சிரிக்கவில்லை. எழுந்து தன் வீட்டுக்குள் போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் அந்த மிஷின் இருந்தது. என்றோ குப்பையில் போட்டுவிட்டதாக அவள் எல்லோரிடமும் சொல்லியிருந்த அதே மிஷின். என் சுவரில் இருந்த பிளக்கில் சொருகினாள். சூடேறியதும் தன் காதோரம் இருந்த காய்ந்த முடியில் ஒரு கற்றையைப் பிரித்து, மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தாள். ஆவி இல்லை, கருகவில்லை, கற்றை நேராக வழிந்து விழுந்தது.

"மிஷினு நல்லாத்தான் கீது, ரோஜா. ஈரத்துல வச்சது நான்."

ரோஜா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"அன்னிக்கே தெரியும்."

அருண்பாண்டியன்தான் முதலில் எழுந்தான். பிளக்கைப் பிடுங்கினான். "வுடுக்கா, முடிதான" என்றான். அந்தப் பிள்ளையின் நல்ல மனசைப் பார்த்தபோது, அவனை இத்தனை நாள் சிரிப்புக்கு ஆளாக்கியதற்காகக் கல்பனா மேல் எனக்குக் கோபம் வந்தது. ரோஜா அக்காவைப் பார்க்கவே இல்லை, புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை தானாக இடது நெற்றியோரத்துக்குப் போய், அங்கே குத்தியிருந்த கிளிப்பைத் தடவியது. பிறகு இருவரும் கிளம்பிவிட்டார்கள். பாட்டிலை எடுத்துப்போகவில்லை.

அதற்குப் பிறகு ரோஜா போனை எடுக்கவில்லை. அவன் மட்டும் ஒருமுறை கூப்பிட்டு, கொஞ்ச நாள் ஆகட்டும் அக்கா என்றிருக்கிறான். அந்தப் புடவையை அவள் கட்டினாளா என்று கேட்கக் கல்பனாவுக்கு வாய் வரவில்லையாம்.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. மூணு வருஷம் மூடி வைத்ததை அப்படியே மூடி வைத்திருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். அவள் பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "மொத நாளே சொல்லியிருக்கலாம்க்கா. அன்னிக்குச் சொல்லியிருந்தா, ஒரு பிடி முடியோட போயிருக்கும்."

இந்த ஞாயிறும் தனக்கும் ரோஜாவுக்குமாக இரண்டு பாட்டிலுக்குக் காய்ச்சினாள். என் பிரிட்ஜைத் திறந்து, ரோஜாவுக்கென்று போன முறை வைத்திருந்ததை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். பதினான்கு நாள். மூடியைக் கழற்றிச் சாக்கடையில் கொட்டி, பாட்டிலைக் கொதிநீரில் அலசித் துடைத்து, புதுசை ஊற்றினாள். ஸ்டிக்கர் ஒட்டித் தேதி போட்டாள். தன் பாட்டிலில் அதோடு நிறுத்தினாள். தங்கையின் பாட்டிலில், தேதிக்குக் கீழே, எழுத்து நசுங்காமல் நிறுத்தி எழுதினாள்: 'தலை நல்லா காஞ்சப்புறம் மிஷின் வை.' எழுதியதை ஊதிக் காயவைத்து, என் மோர் பாட்டிலைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, அதைப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.