முதலைப் பலகையில் காய்ந்த துண்டு

விடுமுறை நாளில் எங்கள் தீவிலுள்ள ரங்கத் ஊரைச் சுற்றி மெதுவாகக் கார் ஓட்டி, வயலையும் பாக்குத் தோப்பையும் படமெடுப்பது எங்கள் வழக்கம். அன்று ஓர் ஓடையில் எச்சரிக்கைப் பலகை எதுவும் தெரியவில்லை. அதை நம்பி என் கணவர் கால் நனைய நின்று படமெடுத்தார்.

"அரே பாய், பீச்சே, பின்னால வாங்க! முதலை!" என்று படகுக்காரர் ஒருவர் அலறினார்.

கணவர் கரைக்குப் பாய்ந்தார். அவர் நின்ற இடத்தில் ஒரு கரிய முதுகு எழுந்து அமிழ்ந்தது.

"போர்டு பாக்கலையா?"

படகுக்காரர் காட்டிய பலகையை ஓர் ஈரத்துண்டு மூடியிருந்தது. அதை உருவினேன். மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுற்றுலாக்காரர், "காயப்போட்டதை ஏம்மா எடுக்கறீங்க?" என்றார்.

இப்போதெல்லாம் பலகையில் துணியைக் கண்டால் உருவித் தண்ணீரில் எறிந்துவிடுகிறேன். வேண்டியவர் இறங்கி எடுத்துக்கொள்ளட்டும்!