நிழலில் படுத்திருந்தவர்

பிள்ளைகளே, கொல்லையில் நிற்கும் புங்கமரத்தின் பட்டையை நீங்கள் இரண்டு பேரும் அரைஞாண் மாதிரி சுற்றிலும் உரித்து வைத்திருந்ததைப் பார்த்து நான் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனாலும் இன்னும் என் எதிரில் வரப் பயப்படுகிறீர்கள். உரித்த இடத்தில் சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசி, கோணி சுற்றிக் கட்டியிருக்கிறேன். பிழைக்குமோ என்னவோ. எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன் நான் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தேன். தோலை ஊறவைக்கும் பட்டையை இடிக்கும் கொட்டகையில் என்னோடு ஒரு முஸ்லிம் பையன் இருந்தான், என் வயதுதான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே எங்கள் ஷாப்பிலேயே சுண்ணாம்புக் குழியில் வேலை செய்த அவனுடைய அப்பா, முதலாளி சொன்னார் என்று, மைசூருக்கு அப்பால் உள்ள காட்டுக்குப் பட்டை கொண்டுவரப் போனவர், காட்டுக் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துபோனார். கூடப் போனவர்கள் ஆற்றோரம் ஒரு பெரிய மருதமரத்தின் அடியில் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். என்றைக்காவது மகன் தேடி வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமே என்று, மார்பு உயரத்தில் அந்த மரத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் பட்டையை உரித்துவைத்தார்களாம்.

அவனுடைய அம்மாவுக்கு அதுவே பெரிய ஆறுதல். “காலம் பூரா வெயில்ல, சுண்ணாம்புக் குழியில நின்ன மனுசன். இப்பதான் நெழல்ல படுத்துக்குனு இருக்காரு” என்று எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். பிறகு அவர்களுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. மகனைக் கூப்பிட்டு, “நான் கண்ண மூடறதுக்குள்ள ஒரு வாட்டி போய் உன் பாவா தலைமாட்டுல ஃபாத்திஹா ஓதிட்டு வா. எடம் எப்படி இருக்குதுன்னு எனக்குச் சொல்லு” என்றார்கள். பாவா என்றால் அவர்கள் வீட்டில் அப்பா.

அந்த வருஷம் முதலாளி, தோலுக்குப் போடும் கடுக்காய் ஏற்றிவர லாரியை மைசூர்ப் பக்கம் அனுப்பினார். லாரி ஓட்டுபவன் எங்கள் இருவருக்கும் சிநேகிதன்; குடியாத்தத்தில் தறியை விட்டு ஓடிவந்தவன். மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று சொல்லி எங்களைக் கூட்டிக்கொண்டான். கிருஷ்ணகிரி தாண்டியதும் எஞ்சின் கொதித்தது. அதன்பிறகு ஏரி கண்ட இடமெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினோம். வழி நெடுக ஒரே சிரிப்பு.

காட்டுக்குள் நுழைந்ததும் சிரிப்பு தானாக அடங்கிவிட்டது. பிள்ளைகளே, நம் ஊர் மலையில் இருப்பதெல்லாம் மரமே இல்லை. அங்கே ஒரு மரத்தை நாங்கள் மூன்று பேரும் கைகோத்துக் கட்டிப்பார்த்தோம், பாதிதான் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் தலைப்பாகை விழுகிறது, உச்சி தெரியவில்லை. நடுப்பகலில் சாயங்காலம் போல இருந்தது. நானும் கொட்டகைச் சிநேகிதனும் என்ன செய்தோம் தெரியுமா? ஆளுக்கொரு சில்லு பட்டையைப் பெயர்த்து வாயில் போட்டு மென்றோம். துவர்ப்பு இருந்தால்தான் தோலுக்கு ஆகும். ஷாப்புக்காரன் எந்த மரத்தையும் முதலில் மென்றுதான் பார்ப்பான்.

“மரத்தப் பாருங்கடான்னா தோலப் பாக்குறானுங்க. நாளைக்கு உங்களுக்குப் பொண்ணு பாக்கப் போனா இன்னா பண்ணுவீங்க?” என்றான் லாரிக்காரன்.

“உன்ன மாதிரி நூல எண்ண மாட்டோம் தோஸ்த்” என்றான் இவன். அந்தப் பயணத்தில் அவன் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

ஆற்றுப் பாலத்தருகே ஒரு காட்டுக் காவலர் இருந்தார். தமிழ் பேசினார். பட்டை உரித்த மருதமரத்தைப் பற்றிக் கேட்டோம்.

“பட்டைய சுத்திலயுமா உரிச்சாங்க?”

“ஆமாங்க, அடையாளத்துக்கு” என்றான் இவன்.

காவலர் அவன் பக்கம் திரும்பினார். “சுத்தி உரிச்சா மரம் நிக்காது தம்பி. தேக்க வெட்டுறதுக்கு முன்னால நாங்களே அப்படி உரிச்சுத்தான் காய விடுவோம். இங்க காஞ்சு நின்ன மரத்தையெல்லாம் எப்பவோ ஏலத்துல எடுத்துட்டாங்க.”

எங்கள் பக்கம் பட்டை என்றால் ஆவாரம்பட்டை. செடியை அடியோடு வெட்டிப் பட்டையை உரித்தாலும், அடுத்த மழைக்கு வேர் தழைத்துவிடும். அடக்கம் செய்தவர்கள் அதைத்தான் அறிந்தவர்கள். நல்லதை நினைத்துத்தான் உரித்தார்கள்.

காவலர் எங்களைக் கூட்டிப்போய் ஓர் இடத்தைக் காட்டினார். சுற்றிலும் அந்தப் பெரிய மரங்கள். நடுவில் மட்டும் வெட்டவெளி. புல்லுக்குள் அடிக்கட்டைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இற்றுக் கிடந்தன. எது மருது, எது வேறு மரம் என்று எங்களாலும் சொல்ல முடியவில்லை. மென்று பார்க்கப் பட்டை ஏது?

அவன் ஒவ்வொரு கட்டையாகப் போய்க் குனிந்து தடவினான். கடைசியில் எல்லாவற்றுக்கும் நடுவில் வந்து நின்று, “மேற்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டான். காட்டுக்குள் திசை தெரியாமல்தான் வந்திருந்தோம். அங்கே மட்டும், சாயத் தொடங்கிய சூரியன் தெரிந்தது. லாரிக்காரன் கையை நீட்டிக் காட்டினான். அவன் கைகளை ஏந்தி ஓதி முடிக்கும்வரை நாங்கள் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். உச்சந்தலை சுட்டது.

திரும்பும்போது லாரிக்காரன்தான் பேச்சை எடுத்தான். “மரம் இருக்குதுன்னு சொல்லிடுடா. அவங்க போயா பாக்கப்போறாங்க?” நானும் அதையே சொன்னேன்.

ஆம்பூரில் இறங்கியதும் மூன்று பேரும் நேரே அவன் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா பாயில் எழுந்து உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள்.

“மரம் இருக்குதாடா?”

லாரிக்காரன் வாயைத் திறந்தான். அதற்குள் இவன், “இல்லம்மா. காஞ்சுபோச்சு. வெட்டிட்டாங்க” என்றான். யார் உரித்ததால் காய்ந்தது என்பதை அவன் சொல்லவில்லை.

“அப்போ அவரு மேல வெயில் படுதா?” என்று கேட்டார்கள்.

“கொஞ்சம் படுதும்மா.”

சட்டியில் சோறு இருக்கிறது, மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள்.