பால்பவுடர் சாக்கு

அடையாற்றங்கரைக் குடிசைகளில் குப்பை என்று எதுவும் கிடையாது. டால்டா டப்பா தண்ணீர் மொள்ளும். கிழிந்த சைக்கிள் டியூப் கட்டிலுக்கு நாடாவாகும். தார் டின்னைத் தட்டி நிமிர்த்தினால் கூரை. பட்டணத்துக்காரர்கள் வேண்டாம் என்று வீசுகிறதெல்லாம் அந்தக் கரைக்கு வந்து மறுபிறவி எடுத்துவிடும். ரத்னா பிழைத்ததும் அப்படித்தான். பழைய காகிதத்தை வாங்கி, வெட்டி, மடித்து, பசை தடவிக் கவர் ஒட்டுவாள். மயிலாப்பூர் மாட வீதி மளிகைக் கடைகளில் சர்க்கரையும் ரவையும் அவள் ஒட்டிய கவரில்தான் வீடு போய்ச் சேர்ந்தன.

ஆசைப்பட்டு எடுத்த தொழில் ஒன்றும் இல்லை. அவள் புருஷன் தங்கவேல், பெசன்ட் நகரில் வரிசையாக வீடுகள் எழும்பிய காலத்தில் சாரத்தில் நின்று வேலை பார்த்தவன். ஒருநாள் சாரம் சரிந்தது, இவன் இடுப்பு போயிற்று. மேஸ்திரி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தான். அதற்கப்புறம் அந்த மகராசன் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. வீட்டுக்குத் தூக்கி வந்த பிறகு தங்கவேல் பாயில் கிடந்தபடியே, "இடுப்புதான் போச்சி, கை கீதில்ல" என்று கத்தியைக் கேட்டு வாங்கினான். அன்றிலிருந்து அவன் காகிதத்தை வெட்டுவான், இவள் ஒட்டுவாள்.

பக்கத்துக் குடிசை ஆரோக்கியமேரிக்கு வேலை பழக்கியதும் ரத்னாதான். மேரி, புருஷன் விட்டுவிட்டுப் போனவள். அவளுக்கென்று இருந்தது பிலோமினா என்று ஒரு சின்னப் பெண்ணும், ஒரு ஆடும். மேரியைப் பார்த்து இன்னும் சிலர் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நாளில் அந்த வரிசை முழுக்கப் பசை வாடை அடித்தது.

ரத்னாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். கரப்பான் கிட்டே வராது. இவள் கலக்க விடமாட்டாள். "துன்ற பொருள் போட்ற கவரு. துத்தம் வெஷம்" என்பாள். அதனால் ராத்திரியில் கரப்பான் வந்து பசையை அரித்துவிட்டுப் போகும். ஓட்டை விழுந்த கவர்களைக் கடைக்காரர்கள் மூஞ்சியில் விட்டெறியாத குறையாகத் திருப்பித் தருவார்கள். வாங்கிக்கொண்டு வந்து மறுபடி ஒட்டுவாளே தவிர, துத்தத்தைக் கையால் தொடமாட்டாள்.

எழுபத்து நான்காம் வருஷம் காகிதத்துக்குப் பஞ்சம் வந்தது. பழைய பேப்பர் குதிரைக்கொம்பாகிவிட்டது. மந்தைவெளியில் காயலாங்கடை வைத்திருந்த அமீனா பீதான் வழி காட்டினாள். கப்பலில் வருகிற பால்பவுடர் சாக்கு. தடித்த காக்கிக் காகிதத்தை அடுக்கடுக்காக வைத்துச் செய்தது. எழுத்து அச்சடித்த மேல் தோலை அமீனா பீயின் கடைப் பையன்கள் உரித்து வைத்துவிடுவார்கள்; உள் தோல்களை மட்டும் அவள் விற்பாள். கம்பெனிப் பேர் அச்சடித்த கவர் மளிகைக் கடைகளில் போணியாகாது. சாக்கு வந்து இறங்கினால் குடிசைப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். மடிப்புகளில் ஒட்டியிருக்கும் பால்பவுடரை விரலால் வழித்து வழித்து நக்குவார்கள்.

பங்குனியில் வந்த சாக்குக் கட்டு ஒரு மாதிரி முடை நாற்றம் அடித்தது. மடிப்புகளில் வெள்ளைப் பொடி. "கெட்டுப்போன பவுடரு, வாயில வெக்காதீங்க" என்று பிள்ளைகளை விரட்டிவிட்டு, ரத்னா சாக்குகளைத் தட்டி ஒரு பகல் முழுக்க வெயிலில் போட்டாள். நாற்றம் குறைந்தது. அவளுக்கு வேறு வழியும் இல்லை. அறுபத்துமூவர் உற்சவத்துக்கு அய்யாதுரை அண்ணாச்சி கவர் கேட்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மாட வீதியில் மளிகைக் கடை போட்டவர் அவர். வருஷா வருஷம் அன்றைக்குக் கடை வாசலில் பந்தல் போட்டு, கூட்டத்தில் வருகிற குழந்தைகளுக்குப் பொட்டுக்கடலையும் சர்க்கரையும் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். ரத்னாவும் மேரியும் விழுந்து விழுந்து ஒட்டினார்கள். அதிசயம், இந்தத் தடவை ஒரு கவரைக்கூடக் கரப்பான் அரிக்கவில்லை. "நம்ம நேரம் நல்லா கீது மேரிக்கா" என்றாள் ரத்னா. பாவி, சந்தோஷப்பட்டாள்.

கவர்கள் அண்ணாச்சியிடம் போய்ச் சேர்ந்தாயிற்று. உற்சவத்தன்று காலையில் வெட்டுக் காகிதங்களைக் கூட்டுவதற்காக ரத்னா கவர் ஒட்டுகிற பலகையை நகர்த்தினாள். பலகைக்கு அடியில் கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன. கரப்பான் கவரைத் தொடாமல் இல்லை. தொட்டதெல்லாம் செத்திருந்தது.

அவள் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருக்கும்போதே வெளியே மேரியின் குரல் கேட்டது. அவளுடைய சினை ஆடு கீழே விழுந்து காலை உதறிக்கொண்டிருந்தது. வாயில் நுரை. முந்தின நாள் கொட்டிய வெட்டுக் காகிதத்தை அது மென்றதை ரத்னாவே பார்த்திருந்தாள்; ஆடு காகிதம் தின்பது புதிதா என்ன என்று விட்டுவிட்டாள். மேரி அதன் வாயில் புளித்தண்ணீர் ஊற்றினாள், வயிற்றைத் தேய்த்தாள், மாதாவைக் கூப்பிட்டாள். உச்சிப் பொழுதுக்குள் அது வயிற்றுக் குட்டியோடு அடங்கிப்போயிற்று.

ரத்னா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மேரிக்கா, அந்தக் காயிதத்துல இன்னாவோ வெஷம் கீது. நான் அண்ணாச்சி கடைக்குப் போறேன்."

மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "போயி?"

"சொல்லிட்றேன். கொயந்தைங்க துன்னும்க்கா."

"ஆடு எத்தத் துன்னுச்சின்னு யார் கண்டா? நீ போயி வெஷம்னு வாயத் தொறந்தா, அப்பறம் எந்தக் கடைக்காரன் நம்ம கவர வாங்குவான்? உன்னோட போவாது ரத்னா. இந்த லைனு மொத்தமும் பட்டினி கெடக்கணும். ஆடும் போச்சி. நாளைக்கு எம் பொண்ணுக்கு நீயா சோறு போடுவ?"

"அதுக்காவ சும்மா இருக்கச் சொல்றியா?"

"ஒண்ணப் பெத்திருந்தா தெரியும்டி உனுக்கு, கொயந்த பசின்னா இன்னான்னு."

பிள்ளை இல்லாதவளிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. மேரி அதுவரைக்கும் சொன்னதில்லை. ரத்னா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். தங்கவேல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காகிதத்தை எல்லாம் வெட்டிய கைகள். "வழியில அமீனா பீம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்க. இல்ல, கேக்காத, நேரா ஓடு" என்றான்.

உற்சவ நாள் என்று பஸ்ஸை எல்லாம் திருப்பி விட்டிருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பாலம் தாண்டி மந்தைவெளிவரை ஓட்டமும் நடையுமாகப் போனாள். நாம் நினைத்தது தப்பாக இருக்கட்டும், கபாலீஸ்வரா, தப்பாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு அடிக்கும் வேண்டிக்கொண்டாள்.

அமீனா பீ கடை வாசலில் பாட்டில்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கும் முகம் செத்துவிட்டது. "எல்லாம் ஒரே லாரியிலதாம்மா வந்துச்சி. பால் சாக்குன்னுதான் சொன்னான்" என்றபடி உள்ளே போய், சுவரோரம் ஈரம் ஏறாமல் இருக்க எழுத்துப் பக்கத்தைத் திருப்பிச் சாத்தி வைத்திருந்த மேல் தோல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இரண்டு பேருக்கும் எழுத்து வாசனை கிடையாது. ஆனால் எழுத்துக்குக் கீழே இருந்ததைப் படிக்கப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. சிவப்பில் ஒரு மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு. பூச்சி மருந்துச் சாக்கு.

"யா அல்லா" என்று அமீனா பீ தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரத்னா அந்தத் தோலைப் பிடுங்கிச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.

கோயில் குளத்தைச் சுற்றி ஊரே திரண்டிருந்தது. நாயன்மார்கள் பல்லக்குப் பல்லக்காகப் புறப்பட்டாயிற்று. ஒரு பக்கம் நீர்மோர்ப் பந்தல், ஒரு பக்கம் பானகம், நாதஸ்வரம், வியர்வை, நசுங்கிய மல்லிகைப்பூ. ரத்னா முண்டினாள். தோளில் இடித்தவர்கள் திட்டினார்கள். "ஏன் இப்படி விழுந்தடிச்சுண்டு ஓடறே? சாமி எங்கே போயிடப் போறது?" என்றார் ஒரு மாமா. அவள் காதில் எதுவும் ஏறவில்லை. அண்ணாச்சி கடைக்கு எதிரே வந்தபோது பந்தலில் பெரிய பெரிய கூடைகள் நிறையப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. எல்லாம் காக்கி நிறம். எல்லாம் அவள் கைபட்ட மடிப்பு. முன்வரிசையில் குழந்தைகள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அய்யாதுரை அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறோடு முதல் பொட்டலத்தை எடுத்து, முதலில் நின்ற குழந்தையின் கையில் வைத்தார்.

அது பிலோமினா.

காலையில் சித்தியோடு சாந்தோம் கோயிலுக்குப் போன பெண் இங்கே எப்படி வந்தாள் என்று யோசிக்க நேரம் இல்லை. ரத்னா பாய்ந்து அந்தக் கையை ஓங்கித் தட்டினாள். பொட்டலம் தெறித்து விழுந்து, கடலையும் சர்க்கரையும் தெருவில் சிதறின. பிலோமினா வீறிட்டு அழுதாள்.

"ஏ பிள்ள, என்னத்த செய்யுத நீ? கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றார் அண்ணாச்சி.

"வெஷம் அண்ணாச்சி. கவர்ல வெஷம் கீது. குடுக்காதீங்க."

"துத்தம் போட்டுத் தொலைச்சியா?"

"இல்ல அண்ணாச்சி. சாக்கே பூச்சி மருந்து சாக்கு. தெரியாம ஒட்டிட்டேன். ஆடு செத்துப்போச்சி."

கூட்டம் கசகசவென்று பேச ஆரம்பித்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிட்டது. பேர் சொல்லிச் செய்கிற தருமம் அது; அதில் ஊர் முன்னால் விஷம் என்று ஒருத்தி சொன்னால் எந்த மனுஷனுக்குத்தான் பொறுக்கும். "என் கையால குடுத்ததுல விஷமா? இந்தா, நானே திங்கேன். எல்லாரும் பாருங்க" என்று ஒரு பொட்டலத்தைக் கிழித்து, கை நிறைய அள்ளி வாய்க்குக் கொண்டுபோனார்.

ரத்னா இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள். நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க, வேற்று ஆம்பளையின் கையை. அவர் உதறினார், அவள் விடவில்லை. "துன்னாதீங்க அண்ணாச்சி, உங்க கால்ல விழறேன்" என்றாள். அப்போதுதான் இடுப்பிலிருந்த காகிதச் சுருள் நழுவி விழுந்து விரிந்தது. அண்ணாச்சிக்குப் படிக்கத் தெரியும். குனிந்து படித்தார். கையில் இருந்த கடலையை மெதுவாகக் கீழே விட்டார். பிறகு கூடைகளைத் தூக்கி உள்ளே வைக்கச் சொல்லி, தன் கையாலேயே கடைக் கதவைப் பூட்டினார்.

அன்றைக்கு ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் ரத்னாவுக்கு வினையாக வந்தது. யாராவது வாந்தி எடுத்திருந்தால், நல்ல வேளை ஒருத்தி ஓடிவந்தாள் என்று ஊர் சொல்லியிருக்கும். ஒன்றும் ஆகாததால், மாட வீதியில் மிஞ்சியது ஒரே பேச்சு: ஆற்றங்கரைக் கவரில் விஷம். இரண்டே வாரத்தில் கடைக்குக் கடை பாலிதீன் பை தொங்கியது. பளபளவென்று, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரி. ரத்னா நல்ல செய்தித்தாளில் ஒட்டிக் கொண்டுபோய்க் காட்டினாள். அண்ணாச்சி அவளை உட்காரச் சொல்லி, ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். "உன்ன நம்பாம இல்ல தாயி. வாங்க வாரவங்க ஆத்தங்கரைக் கவரான்னு கேக்காங்க. நான் என்ன செய்யட்டும்?" என்றார். நல்ல மனிதர்தான். அதை வைத்துக்கொண்டு உலை வைக்க முடியுமா?

குடிசை வரிசையில் யாரும் அவளோடு பேசவில்லை. குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். ஒருத்தி பாத்திரம் தேய்க்கப் போனாள், ஒருத்தி கல் உடைக்கப் போனாள். மேரிக்கு எதுவும் அமையவில்லை. கஞ்சி குடித்த நாளைவிடக் குடிக்காத நாள் அதிகம். ஒவ்வொரு காலையும் ரத்னாவின் வாசலைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். "அடுத்தவ வயித்துல அடிச்சிட்டியே, நீ வெளங்குவியா" என்பாள். தங்கவேல் ஒருநாள் பொறுக்காமல், "அந்தப் பொண்ணு அங்க கையை நீட்டிக்கினு நின்னத அவகிட்ட சொல்லேன்" என்றான். "இன்னும் அது வேற அவளுக்குத் தெரியணுமா" என்று ரத்னா பாயை உதறிப் போட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எதிரிக்குக்கூட அந்த நினைப்பு வரக்கூடாது என்றுதான் அவளுக்குப் பட்டது.

ஒரு சாயங்காலம் வீட்டு வேலை கேட்டு அலைந்துவிட்டு வந்த ரத்னாவின் முந்தானையில் யாரோ கொடுத்த இரண்டு முறுக்கு இருந்தது. வாசலில் பிலோமினா ஒட்டிய வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். ரத்னா ஒன்றை நீட்டினாள். பெண் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"உன்னுது வேணா, போ. அன்னிக்கி அந்தத் தாத்தா எனுக்குதான் மொதல்ல பொட்லம் குட்த்தாரு. நீதான தட்டி வுட்ட."

உள்ளே சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. மேரி வெளியே வந்தாள். "எங்கடி? எந்தத் தாத்தா?"

"கடத் தாத்தா. மயிலாப்பூர்ல. சித்தி ஜெபம் பண்ணிக்கினு இருந்துச்சா, நான் பசங்களோட ஓடிட்டேன். கைல வெச்சிட்டாருமா. நான் வாயில போட்டுக்கறதுக்குள்ள இது அட்ச்சி வுட்டுச்சி." ஓடிப்போனதற்கு அடி விழும் என்று பயந்து ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த கோபத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மேரி ரத்னாவைப் பார்த்தாள். ரத்னா முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவில் பசைச் சட்டி காய்ந்து வெடித்துக் கிடந்தது.

மேரி மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்து, பெண்ணின் கைகளைப் பிடித்து இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். "உடும்மா, வலிக்குது" என்று பிலோமினா சொன்னாள். மேரி துடைத்துக்கொண்டே இருந்தாள்.