ரோசா அன்ரி வீட்டுச் சத்தம்

தக்காளி வேகும் புளிப்பு மணம் பலகை வேலியைத் தாண்டி சமையல் நடக்கும் எங்கள் ‘குசினி’க்குள் வந்துவிடும். மெல்பேர்னில் கோடை முடிகிற நாள்களில், பக்கத்து வீட்டு இத்தாலியர்கள் பின்வளவில் தகரப் பீப்பாயை அடுப்பிலேற்றி, வருடம் முழுவதற்குமான தக்காளிக் குழம்பைப் போத்தல்களில் அடைத்து அவிப்பார்கள். எழுபதுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து பிரன்ஸ்விக்குக்கு வந்து சேர்ந்த எங்களைப் பார்த்து அந்தத் தெருவில் முதலில் சிரித்தவர் அந்த வீட்டு ரோசா அன்ரிதான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஒரு ஞாயிறு மதியம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வாசலிலேயே அன்ரி அம்மாவின் இரு கன்னங்களிலும் முத்தமிட, அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்தபடி விறைத்து நின்றார். அன்ரியின் கணவர் சல்வத்தோரே அப்பாவையும் அப்படியே முத்தமிட்டபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலில் பாஸ்தா வந்தது. அதுதான் முழுச் சாப்பாடு என்று நினைத்து வயிறு முட்டச் சாப்பிட்டோம். பிறகுதான் மாட்டிறைச்சித் தட்டுகள் வந்தன. சைவக்காரியான அம்மா கையால் தட்டை மறைத்து, “காணும், காணும், போதும்” என்றார். சமையல் பிடிக்கவில்லை என்று எண்ணி அன்ரியின் முகம் வாடிவிட்டது. அப்பா ஆங்கிலத்தில் விளக்க வாயெடுத்த நேரம், சல்வத்தோரேயும் அவர் தம்பியும் மேசையில் அடித்துக் கத்தத் தொடங்கினார்கள். தங்களுக்குள் அடிபடப் போகிறார்கள் என்று பயந்து அப்பா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். “நோ ஃபைட்,” என்றார் சல்வத்தோரே, “ஒன்லி டோக்கிங்.”

அதன்பின் வேலிக்கு அப்பால் எப்போது சத்தம் எழுந்தாலும், “அவை கதைக்கினம்,” வெறும் பேச்சுத்தான் என்பார் அம்மா. ஆனால் அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு அன்ரியைக் கண்டால் அவர் கூச்சத்தோடு உள்ளே போய்விடுவார்.

குளிர்காலத்தில் ஒரு பின்னேரம், நான் பள்ளிக்கூடத்தால் வந்து பாண் தின்றுகொண்டிருந்தபோது அன்ரியின் குரல் கேட்டது. நிற்காமல் கேட்டது.

“அம்மா, போய்ப் பாப்பமே?”

“அவை கதைக்கினம். நீ சாப்பிடு.”

சற்று நேரத்தில் அம்புலன்ஸ் வந்தது. திராட்சைக் கொடி வெட்ட ஏணியில் ஏறிய சல்வத்தோரே விழுந்து, சீமெந்துத் தரையில் தலை அடிபட்டுக் கிடந்திருக்கிறார். அவர்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது. கடைசியில் தெருவால் போன யாரோதான் ஓடிப்போய் அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

செத்தவீட்டில் கறுப்புடுப்புப் பெண்கள் மார்பிலடித்து அழுதார்கள். வெள்ளைச் சேலையில் போன அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அன்ரி எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்தார்.

“தட் டே, யூ ஹோம்?”

அம்மா பொய் சொல்லவில்லை. “யெஸ்” என்றார்.

அன்ரி தலையசைத்தார். “ஓக்கே,” என்று மெதுவாகச் சொல்லிக் கையை விட்டார். அந்த வீட்டில் ஒருவர் எங்களோடு குரலைத் தாழ்த்திப் பேசியது அதுவே முதல் தடவை. சில மாதங்களில் அவர் வேறிடத்திலிருந்த தன் மகனிடம் போய்விட்டார். எங்கே என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அம்மா இப்போது என்னோடு மெல்பேர்னின் இன்னொரு பக்கத்தில், மல்கிரேவில் இருக்கிறார். போன மாதம் கண் டொக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில் அந்தப் பழைய தெருவால் வந்தோம். இரண்டு வீடுகளும் இல்லை. வேலியும் வளவுகளும் இருந்த இடத்தில் மாடிக் குடியிருப்பு நிற்கிறது. காரை நிறுத்தச் சொன்ன அம்மா, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, அது கதைக்கிற சத்தமில்லை எண்டு எனக்குத் தெரியும்,” என்றார். “சாப்பாட்டை வேண்டாமெண்ட பிறகு, போய் எப்பிடி அந்த மனுசியின்ர முகத்தைப் பாக்கிறது எண்டு வெக்கமாக் கிடந்தது.”

பின்னால் நின்ற வாகனம் ஹோர்ன் அடித்தது. காரை எடுத்தேன்.