இராசாத்தி போடாத வெள்ளைக் குளிசை

மூன்று வருடமாக, மாதம் தவறாமல் இராசாத்தி கிளினிக்கில் ஏச்சு வாங்கினாள்.

குருக்கள்மடத்திலிருந்து காலை ஐந்தரை பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போய், தெருவோரத்தில் சாக்கு விரித்துக் கீரை விற்பவள் அவள். புருசன் செத்தபிறகு மகள் விதுசாவைப் படிப்பித்தது அந்தக் கீரைதான். கிளினிக் நாளில் வியாபாரத்தை விட்டுவிட்டு வரிசையில் குந்தியிருந்து கையை நீட்டினால், பிறசர் நூற்றெண்பதுக்குக் கீழே இறங்கியிருக்காது.

"குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?" என்று நேர்ஸ் வதனி கேட்பாள்.

"ஓம் மிஸ்ஸி."

"அப்ப ஏன் இறங்குதில்ல? உப்பைக் குறைங்க, கருவாட்டை விடுங்கண்டு எத்தின தரம் சொல்லுற?"

கருவாட்டை விட்டு இரண்டு வருடமாகிறது. சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? மருந்து எழுதும் கொப்பியை வாங்கிக்கொண்டு எழும்பிவிடுவாள்.

கிளினிக்கில் கொடுத்த மூன்று குளிசைகளில் இரண்டை அவள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. காலையில் போடச் சொன்ன வெள்ளைக் குளிசையைத்தான் போடுவதில்லை. அதைப் போட்டால் பத்து மணிக்குள் நாலு தரம் மூத்திரம் முட்டும். அவள் இருந்த இடத்தில் கக்கூசு இல்லை. எதிரே இருந்த சாப்பாட்டுக்கடைக்காரன் முதல் தரம் விடுவான், இரண்டாம் தரம் முகத்தைச் சுளிப்பான். மூன்றாம் தரம் எந்த முகத்தோடு போய் நிற்பது? பின்னால் ஆம்பிளைகள் காத்திருக்கும் கிளினிக் வரிசையில் இதை எப்படிச் சொல்வது?

பங்குனியில் ஒரு நாள் கீரைக்கட்டு அவள் இடக்கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. பக்கத்தில் வெற்றிலை விற்கும் ஆசியா உம்மாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பேச்சு அன்றைக்கே திரும்பிவிட்டது. கை முழுதாகத் திரும்பவில்லை.

விதுசா வீட்டில் ஒரு டின் நிறைய வெள்ளைக் குளிசைகளைக் கண்டெடுத்தாள். அடுத்த கிளினிக்குக்கு அதையும் தூக்கிக்கொண்டு தாயோடு வந்தாள்.

டின்னைப் பார்த்த வதனி, "இவ்வளவு காலமும் பொய்யா சொன்னீங்க?" என்றாள்.

இராசாத்திக்குப் பொறுக்கவில்லை.

"அதைப் போட்டா மூத்திரம் அடக்க ஏலா மிஸ்ஸி. தெருவில இருக்கிற நான் எங்க போற? உப்பைக் கேட்டீங்க, கருவாட்டைக் கேட்டீங்க. போட என்ன கஷ்டமெண்டு ஒரு நாள் கேட்டீங்களா?"

வதனி பேனையை வைத்துவிட்டு, கொப்பியோடு அவளை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் கேட்டார், கொப்பியில் அந்தக் குளிசையின் பெயரை வெட்டினார், வேறொன்றை எழுதினார். அரை நிமிடம் ஆகியிருக்காது.

அந்த அரை நிமிடம்தான் இராசாத்திக்கு ஆறவில்லை. இவ்வளவுதானா? இதற்கா மூன்று வருடமும் ஒரு கையும் போனது?

இப்போது பிறசர் நூற்றுநாற்பதில் நிற்கிறது. வதனி ஒவ்வொருவரையும் திரைக்குப் பின்னால் கூப்பிட்டு, எந்தக் குளிசை போடக் கஷ்டம் என்று மெல்லக் கேட்கிறாள். போன மாதம், "நல்லா இறங்கியிருக்கு, சந்தோசம்தானே?" என்றாள்.

இராசாத்தி வலக்கையால் கொப்பியை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.