‘உள்ளே அனுமதி இல்லை’ என்று எழுதிய தங்கை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பரும் என் தங்கையைப் பொறுமைசாலி என்றே குறிப்பிடுகிறீர்கள். காரியத்தன்று அச்சொல்லைப் பலர் வாயிலாகவும் கேட்டேன். அதை ஏற்க என்னால் இயலவில்லை. பொறுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியை நாம் அவருக்கு விட்டுவைக்கவில்லை. தங்கையை ‘அவர்’ என்று எழுதுவது எங்கள் வழக்கமன்று, காலங்கடந்தாவது எழுதுகிறேன்.

நல்லூருக்கு அருகே மானாவாரி நிலத்தை நம்பியிருந்த குடும்பத்தில், எனக்கு ஒன்பது ஆண்டுகள் இளையவராகப் பிறந்தார். எண்பதுகளின் இறுதியில் பீங்கான் தொழில்நுட்பம் படிக்க விருத்தாசலத்தில் என் வீட்டுக்கு வந்து தங்கினார். வகுப்பில் அவர் ஒருவரே பெண். நான் அப்போது கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளன்.

செய்முறைப் பயிற்சிக்கு மாணவர்களைத் தனியார் பட்டறைகளுக்கு அனுப்புவார்கள். தங்கை சென்ற பட்டறையின் உரிமையாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்: “நீ வெளியவே நின்னுக்கம்மா. தீ வைக்கிறப்ப பொம்பள புள்ள உள்ள வந்தா சரக்கு வெடிச்சிடும்.”

அதே சூளைக்குள், சுடாத பச்சைச் சரக்கைத் தலையில் சுமந்து சென்று அடுக்கியவர்கள் கூலிப் பெண்கள். தங்கை அதைக் கேட்டும்விட்டார்: “அடுக்குற அக்காங்க உள்ள போவலாம், எழுதுற நான் போவக்கூடாதா மொதலாளி?”

“படிக்கிற புள்ளைக்கு வாய் நீளமா இருக்குது” என்று அவர் சிரித்தாராம். உடன் பயின்ற மாணவர்களும் சிரித்தார்களாம்.

தங்கை அன்றாட வேலைகளை விடாமல் செய்தார். மாலையில் மண் படிந்த காக்கி கோட்டைத் துவைப்பார். காலையில் வெந்நீர் ஊற்றிய பித்தளைச் சொம்பால் அதைச் சுருக்கம் போக நீவுவார். பென்சில் சீவி, ரெக்கார்டு நோட்டில் சோதனையின் தலைப்பை எழுதிய பின்பே சைக்கிளை எடுப்பார். தீ வைக்கும் நாள்களில் நிலக்கரிக் குவியலருகே நின்று, அரை மணிக்கொரு முறை புகைபோக்கியைப் பார்த்து, கருமை, சாம்பல், வெண்மை என்று புகையின் நிறத்தைக் குறிப்பார். வெப்பநிலைக்கான கட்டத்தில் ‘உள்ளே அனுமதி இல்லை’ என்று எழுதுவார். பதினொரு சோதனைகள்; பதினொரு முறையும் அதே சீரான கையெழுத்து.

வெப்பநிலை இல்லாத நோட்டில் ஆசிரியரின் கையெழுத்துக் கிடையாது, கையெழுத்து இல்லையேல் தேர்வு கிடையாது என்றானபோது, அறிவியல் கற்பித்த நான் சொன்ன யோசனை இது: “யார்கிட்டயாவது நோட்டு வாங்கி நம்பரைப் போட்டுக்கோ. எல்லாரும் செய்றதுதானே.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “பாக்காததை எப்படிண்ணா எழுதறது? உங்க ஸ்டூடண்ட் எழுதுனா ஒத்துக்குவீங்களா?”

“பட்டறைக்குப் போயி ஒரு வார்த்தை கேளுங்களேன்” என்று என் மனைவி நாள்தோறும் சொன்னார். சண்டைக்காரன் என்று பெயர் வந்துவிடுமே என்று போகாமலிருந்தேன். தங்கை தேர்வு எழுத முடியவில்லை. ஓராண்டு வீணாயிற்று. பெண்ணுக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்டது. நம் உறவும் கேட்டது. தேர்வு தவறிய மறுநாள் காலையும் பித்தளைச் சொம்பில் வெந்நீர் ஊற்றப்பட்டது.

அடுத்த ஆண்டு புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் அந்த நோட்டைப் புரட்டினார். அன்றே பட்டறைக்குச் சென்று, தங்கையைச் சூளையருகே நிறுத்திவிட்டுத் திரும்பினார். ஒரு பிற்பகல் வேலை. அதை நான் செய்யவில்லை.

தங்கை முதல் வகுப்பில் தேறினார். பீங்கான் தொழிற்சாலையொன்றின் சோதனைக்கூடத்தில் நோய்வாய்ப்படும்வரை பணியாற்றினார். ஒரு மகளை வளர்த்தார். இறுதி நாள்களில் மருத்துவமனைக் கட்டிலிலும் மாத்திரை வேளைகளைக் கோடு போட்டுக் குறித்தார். தவறிய வேளைக்கு நேரே ‘எடுக்கவில்லை’ என்றே எழுதினார்.

அந்த ஆசிரியருக்கும், இரவு பகல் பாராது உடனிருந்த செவிலியருக்கும், துயரில் தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. எல்லோருக்கும் நன்றி சொல்ல எனக்கு மனமில்லை.

இறுதி ஊர்வலம் தெருமுனையை அடைந்தபோது உறவினர் ஒருவர் தங்கையின் மகளைத் தடுத்தார்: “பொம்பளைங்க இங்கியே நின்னுக்கணும்மா.”

அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. “அவ வருவா. வழி வுடுங்க” என்றேன்.

மகள் சுடுகாட்டின் உள்ளே வந்தாள். தாய்க்குத் தீ வைத்தாள். எதுவும் வெடித்துவிடவில்லை.