மீட்டர்காரர் வீட்டு ஏசி

என் பெரியப்பாவுக்கு வேலை, வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்வது. இருபத்தெட்டு வருடமாகச் செய்கிறார். குறித்தோமா போனோமா என்று இருக்கமாட்டார். பட்டப்பகலில் வாசல் விளக்கு எரிந்தால் தானே எட்டி அணைத்துவிட்டு, "சூரியனுக்கு வழி காட்டுறீங்களா?" என்று கேட்பார். பில் எகிறிவிட்டது, மீட்டர் பழுது என்று யாராவது சண்டைக்கு வந்தால் ஒரே பதில்தான்: "மீட்டர் பொய் சொல்லாதும்மா. மனுஷன்தான் சொல்வான்." அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயர் 'சுவிட்ச்'. முகத்துக்கு நேரே 'சார்' சேர்த்துக்கொள்வார்கள்.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, அடுத்து எங்கே என்று முடிவாகும்வரை தங்கலாம் என்று போன கோடையில் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் செருப்பில்லாமல் நடந்தபோது, மூடியிருந்த ஓர் அறையின் கதவிடுக்கிலிருந்து ஜில்லென்று காற்று வந்து காலைத் தொட்டது. மின்விசிறியை மூன்றுக்கு மேல் திருப்பவிடாத வீடு அது.

"உள்ள போய்ப் பாரு. உன் பெரியப்பாவோட மாப்பிள்ளைங்க ரெண்டு பேரும் குளுகுளுன்னு இருக்காங்க," என்றார் பெரியம்மா, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி.

உள்ளே ஆளுயரக் கூண்டு. அதில் முயலும் அணிலும் சம்பந்தம் செய்துகொண்டாற்போல இரண்டு சாம்பல்நிறப் பிராணிகள் என்னை முறைத்தன. சின்சில்லா. அக்கா, அதாவது பெரியப்பாவின் மகள், முதல் சம்பளத்தில் ஒன்றை வாங்கினாள்; வேலை மாற்றலாகிப் போகும்போது "ஒரு மாசம்தான்பா" என்று விட்டுப்போனாள். எட்டு மாதம் ஆகிவிட்டது. தனியாக இருந்தால் ஏங்கிப்போகும் என்று டாக்டர் சொன்னதும் இரண்டாவதை வாங்கியவர் பெரியப்பாவேதான். அந்த டாக்டரும் பக்கத்தில் இல்லை. இந்த ஜாதிப் பிராணியைப் பார்க்கத் தெரிந்தவர் ஊருக்கு மறுகோடியில் இருக்கிறார். நாலு கிலோமீட்டரை நடந்தே கடக்கிற பெரியப்பா, அவற்றுக்காக ஏசி வைத்த டாக்சி பிடிக்கிறார்.

"அதுக்கு ஒரு மயிர்க்கால்ல அறுபது முடியாம்," என்றார் பெரியம்மா. "அதான் வெயில் ஆகாது. நீங்க ஒண்ணு ரெண்டு கடனா கேட்டு வாங்கிக்கலாமேன்னேன். கோச்சுக்கிட்டார்."

வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு பெரியப்பா கூண்டுக்குள் ஒரு கிண்ணத்தை வைத்தார். நிறைய மண். மாவு போன்ற, விலை கொடுத்து வாங்கிய மண். இரண்டும் அதில் விழுந்து புரண்டன. தண்ணீரில் குளித்தால் இவற்றுக்கு ஆகாதாம்.

"கல்யாணமான நாள்லேருந்து வீட்டைக் கூட்டி மண்ணை வெளிய கொட்டினேன்," என்றார் பெரியம்மா. "இப்போ காசு குடுத்து வாங்கி உள்ள கொட்டுறோம். இன்னும் இருபது வருஷம் இருக்குமாம்டி. இவர் ரிட்டயராக மூணு வருஷம்தான்."

"அந்த ரூம்லயே படுத்துக்கலாமே பெரியம்மா?"

"ராத்திரி பூரா குதிக்கும். டிவி ஒயரைக் கடிச்சு முடிச்சாச்சு. என் காது மிச்சம் இருக்கு."

நான் வருமுன், குளிர்காலம் முடியும்வரை வண்டவாளம் வெளியே வந்திருக்கவில்லை. வெயில் வந்ததும் பழைய ஏசி ஒன்றை வாங்கி இரவு பகலாக ஓட்ட ஆரம்பித்தார். மீட்டரில் சிவப்பு விளக்கு படபடவென்று துடித்தது. தெருவில் போகிறவர் கண்ணில் படாமலிருக்க அதன்மேல் போன வருடக் காலண்டரை மாட்டினார்.

ஆனால் அவர் தெருவை அவரே கணக்கெடுக்க முடியாது, அலுவலக விதி. அதற்கு வருகிறவள், ஒரு தெருவை அரைமணியில் முடிப்பதால் 'மின்னல்' என்று பெயர் வாங்கியவள். காலண்டரைத் தூக்கிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"சார், போன தடவை நூத்தி எண்பது யூனிட். இப்போ எண்ணூத்தி நாற்பது. வீட்டுல என்ன, மாவு மில்லா?"

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பெரியப்பாவின் காது சிவந்தது. இருபத்தெட்டு வருடம் சேர்த்த பெயர் காலண்டரோடு ஆடியது.

"மீட்டர் பழுதும்மா," என்றார். புகாரும் எழுதிக்கொடுத்தார்.

"ஏங்க இப்படி?" என்று பெரியம்மா கேட்டதற்கு, "நம்ம ஆபீஸ்ல புகார் குடுத்தா ஆறு மாசம் தூங்கும். அதுக்குள்ள வெயில் போயிடும்," என்றார்.

நம் ஆள் வீடாயிற்றே என்று மறுநாளே வந்துவிட்டார்கள். நடுப்பகல், நெருப்பாய் வெயில். மின்னலோடு, சோதனை செய்கிற அதிகாரி ஒருவர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மெயினை இறக்கிடுங்க சார். ஒரு மணி நேரம். வீட்டுல எதுவும் ஓடாதப்பவும் மீட்டர் ஓடுதான்னு பார்த்துடலாம். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதனால்தான் பெரியப்பாவின் முகம் வெளுத்தது. அறை இருபது டிகிரியில் இருந்தது. இருபத்தைந்தைத் தாண்டினால் அவை சுருண்டுவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். என்னை வெப்பமானியோடு அறைக்குள் தள்ளி, "ஒரு டிகிரி ஏறினா கதவுல ஒரு தட்டு," என்று காதில் சொல்லிவிட்டு, மெயினை இறக்கினார்.

ஏசி பெருமூச்சு விட்டு அடங்கியது. நான் முதல் தட்டு தட்டினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது. மூன்றாவதுக்கு, "உள்ள யாரு?" என்று அதிகாரி கேட்பது கேட்டது.

"என் கொழுந்தன் பொண்ணு. ஊர் சுத்திட்டு வந்திருக்கா. சும்மா இருக்கத் தெரியாது," என்றார் பெரியம்மா.

பெரியது காதைத் தொங்கப்போட்டுக் கூண்டின் ஓரத்தில் படுத்துவிட்டது. சின்னதும் அதன்மேல் சாய்ந்தது. நான்காவது தட்டைக் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" பெரியப்பாவின் குரல்.

"இருபது நிமிஷம்தானே சார் ஆச்சு. பொறுங்க."

இருபத்தைந்து டிகிரி. ஐந்தாவது தட்டுக்குக் கையை ஓங்கினேன்; நான் தட்டுமுன்பே ஏசி உறுமியது.

"சார், மெயினை ஏன் ஏத்தினீங்க?" என்று மின்னல் கத்தினாள்.

"மீட்டர் சரியாத்தான் இருக்கு," என்றார் பெரியப்பா. "நான்தான் பொய் சொன்னேன்." பிறகு வந்து அறைக்கதவைத் திறந்துவிட்டார்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "இந்த எலிக்கா சார்?"

"எலி இல்ல. சின்சில்லா."

அதிகாரி குளிர்காற்றை ஓர் இழுப்பு இழுத்தார். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "அறிக்கையை இங்கேயே எழுதிடறேன்," என்றார். அந்த இரண்டு வரி அறிக்கையை எழுத முக்கால்மணி நேரம் ஆயிற்று. பொய்ப் புகாருக்கான சோதனைக் கட்டணத்தையும் பெரியப்பா கட்டினார்.

மின்னல் தன் பெயருக்கேற்ப வேலை செய்திருந்தாள்; சின்சில்லா விஷயம் வட்டாரம் முழுக்கப் பரவியிருந்தது. அடுத்த முறை பெரியப்பா கிளம்பியபோது நானும் பொழுதுபோகாமல் கூடப் போனேன். மூன்றாவது வீட்டிலேயே, நண்பகலில் வாசல் விளக்கு எரிந்தது. பழக்கதோஷத்தில் சுவிட்சுக்குப் போன அவர் கை, பாதியில் நின்றது.

ஜன்னலில் வீட்டுக்காரம்மாள். இருபது வருடமாக அவரிடம் திட்டு வாங்கியவர்.

"பரவாயில்ல சார், அணைங்க," என்றார். "அங்க ரெண்டு பேரு குளிர்ல படுக்கணும்ல?"

பெரியப்பா அணைத்தார்.